எலும்பில் விழுந்த இடைவெளி: கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

(உத்திரமேரூரில் நடந்த மருத்துவ உதவி விளக்கக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

  

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் சிறுநீரகம், இதயம், பிரசவம் என்று பலவும் உண்டு. சில ஆண்டுகளாக இன்னொரு வகை மனு அடிக்கடி வருகிறது: “எலும்பு உடைந்து நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது, அதை நிரப்ப வேண்டுமாம், பணம் கட்டச் சொல்கிறார்கள்.” காரணம் நமக்குத் தெரியாதது அல்ல. காஞ்சிபுரம் சாலையிலும் செங்கல்பட்டு சாலையிலும் கல் குவாரி லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகள் பைக்கில் வேலைக்குப் போய் வருகிறார்கள். லாரிச் சக்கரத்தில் சிக்கிய கால் கம்பு முறிவது போல் இரண்டாக முறிவதில்லை, நொறுங்கிவிடுகிறது. நொறுங்கிய சில்லுகள் சில சாலையிலேயே போய்விடுகின்றன. உயிரற்றுப்போன சில்லுகளை டாக்டர் எடுத்துவிடுகிறார். மிச்சமிருப்பது இடைவெளி.

இந்த மனுக்களைப் பார்த்துப் பார்த்து நாங்கள் புரிந்துகொண்ட ஒன்று உண்டு. பணம் இல்லாமல் சிரமப்படுகிற குடும்பங்களைப் போலவே, உள்ளே வைக்கப்போவது என்ன என்று தெரியாமல் சிரமப்படுகிற குடும்பங்களும் இருக்கின்றன. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேசுகிறோம்.

நம் வட்டாரத்து இளைஞர் ஒருவர், லோடு ஆட்டோ ஓட்டுபவர், விபத்தில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு நொறுங்கி மருத்துவமனையில் கிடந்தார். முதல் ஆபரேஷனில் காயத்தைச் சுத்தம் செய்து வெளிக்கம்பி போட்டிருந்தார்கள். அடுத்த ஆபரேஷனில் செயற்கை எலும்பு வைக்க வேண்டும் என்று சொன்னதும் வீட்டில் குழப்பம். பார்க்க வந்த உறவினர் ஒருவர், “அது பன்றி எலும்புப் பொடி, அதை வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் தொழுகை கூடாது” என்று சொல்லிவிட்டார். தாயார் அழ ஆரம்பித்தார். தகப்பனார் கையெழுத்துப் போட மறுத்தார். நாட்கள் கடந்தன.

விஷயம் எங்களுக்கு வந்ததும் பள்ளிவாசல் இமாமையும் அழைத்துக்கொண்டு போனோம். டாக்டரிடம், “நீங்கள் வைக்கப்போகும் பொருளின் பெட்டியைப் பார்க்கலாமா?” என்று கேட்டோம். அவர் சங்கடப்படாமல் எடுத்துக் காட்டினார். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த, தொழிற்சாலையில் செய்த பொருள். விலங்கும் இல்லை, மனிதரும் இல்லை. பெரும்பகுதி அந்தப் பையனுடைய இடுப்பெலும்பிலிருந்தே எடுக்கப்போகிறோம், போதாததற்குத்தான் இது என்றும் சொன்னார். அரை மணி நேரத்தில் தகப்பனார் கையெழுத்துப் போட்டார். அந்தப் பையன் இன்று நடக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கேட்கத் தெரியாததால் போன அந்த நாட்கள் போனவைதான். திறந்த காயத்தில் ஒவ்வொரு நாளும் கிருமிக்கு லாபம்.

எலும்பு எப்படிக் கூடுகிறது?

எலும்பு உயிருள்ள பொருள். அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியம் பாஸ்பேட் வகைத் தாது. மீதி கொலாஜன் என்ற நார்ப்பொருளும் நீரும் செல்களும். சாதாரண முறிவில் இரண்டு முனைகளும் ஒட்டி அசையாமல் இருந்தால் உடம்பே புது எலும்பு போட்டுக் கூட்டிவிடும். அல்லாஹ் அப்படிப் படைத்திருக்கிறான். டாக்டர் வைக்கும் பிளேட்டும் ராடும் அதுவரை அசையாமல் பிடித்து வைக்க மட்டுமே.

ஆனால் முனைகளுக்கு நடுவே சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் எலும்பே இல்லாமல் போனால், பெரும்பாலும் உடம்பால் அந்தத் தூரத்தைத் தானாகத் தாண்ட முடியாது. அப்போதுதான் நிரப்ப வேண்டிய தேவை வருகிறது. விபத்து மட்டும் காரணமல்ல. எலும்பில் சீழ் பிடித்துச் சுரண்டி எடுத்த இடம், கட்டியை அகற்றிய குழி, முழங்கால் மூட்டுக்கு அருகே எலும்பு உள்ளே அமுங்கிப்போன இடம் ஆகியவற்றையும் நிரப்ப வேண்டியிருக்கும்.

இதற்குப் பயன்படும் பொருட்களை ஐந்து வகையாகச் சொல்லலாம்.

ஒன்று, நோயாளியின் சொந்த எலும்பு. வழக்கமாக இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலிருந்து எடுப்பார்கள். உயிருள்ள செல்லும் உண்டு, எலும்பை வளரத் தூண்டும் சத்தும் உண்டு, புது எலும்பு ஏறி வர ஒரு பந்தலும் உண்டு. மூன்றும் சேர்ந்திருப்பதால் இன்றைக்கும் இதைத்தான் டாக்டர்கள் முதலிடத்தில் வைக்கிறார்கள். இரண்டு குறைகள்: இன்னொரு இடத்தில் காயமும் வலியும் உண்டாகும், எடுக்கக்கூடிய அளவும் குறைவு.

இரண்டு, இன்னொரு மனிதரின் எலும்பு. இடுப்பு மூட்டு மாற்றும்போது அகற்றப்படும் பந்துமுனையையோ, இறந்தவரின் குடும்பம் தானமாகத் தந்த எலும்பையோ எலும்பு வங்கிகள் சுத்திகரித்துச் சேமிக்கின்றன. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் 2011இல் திருத்தப்பட்டபோது எலும்பு போன்ற திசுக்களும் அதற்குள் வந்தன. மனித எலும்பை வியாபாரம் செய்வது குற்றம்.

மூன்று, விலங்கிலிருந்து வருவது. பெரும்பாலும் மாட்டெலும்பு. அதிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் நீக்கித் தாதுவை மட்டும் எடுத்திருப்பார்கள். சில பொருட்களில், குறிப்பாகப் பல் வைத்தியத்தில் பயன்படும் சிலவற்றில், பன்றியின் கொலாஜனும் உண்டு. எனவே அந்த உறவினர் சொன்னது முழுக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. எல்லாமே அதுதான் என்று நினைத்தது தவறு.

நான்கு, செயற்கையாகச் செய்தவை. இதில் மிகப் பழையது நமக்குத் தெரிந்த பொருள்தான்: மாவுக்கட்டுப் பொடி. 1892இலேயே டிரீஸ்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் எலும்புக் குழியை அதைக்கொண்டு நிரப்பியிருக்கிறார். அந்த கால்சியம் சல்பேட் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் கரைந்துவிடும். டிரை கால்சியம் பாஸ்பேட் கரைய இன்னும் அதிகக் காலம் ஆகும். ஹைட்ராக்சி அபடைட் நம் எலும்புத் தாதுவுக்கு மிக நெருக்கமானது, பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். 1969இல் அமெரிக்கப் பேராசிரியர் லாரி ஹென்ச், எலும்போடு ஒட்டிக்கொள்ளும் ஒருவகைக் கண்ணாடியைக் கண்டறிந்தார். வியட்நாம் போரில் கை கால் இழந்த வீரர்களைப் பற்றி ராணுவ அதிகாரி ஒருவர் சொன்னதைக் கேட்டு அவர் தொடங்கிய வேலை அது. நம் நாட்டிலும் இந்த வேலை நடக்கிறது. இதய வால்வும் ரத்தப் பையும் உள்நாட்டிலேயே செய்யும் முறையை உருவாக்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், எலும்பை நிரப்பும் செராமிக்கையும் கால்சியம் பாஸ்பேட் சிமென்ட்டையும் உருவாக்கியிருக்கிறது.

ஐந்து, எலும்புச் சிமென்ட். இது ஒருவகை அக்ரிலிக் பிளாஸ்டிக். எலும்பாக மாறாது. கிருமிநாசினி மருந்தைக் கலந்து, கொஞ்ச காலத்துக்கு இடத்தை நிரப்பி வைக்க உதவும்.

ஒன்றை மனதில் வையுங்கள். செயற்கைப் பொருள் எதுவும் தனியாக உடம்பின் பாரத்தைத் தாங்காது. சுண்ணாம்புக் கட்டி போல் நொறுங்கும். பிளேட்டோ ராடோ உடன் இருக்க வேண்டும். சீழ் இருக்கிற இடத்தில் விலை உயர்ந்த எதை வைத்தாலும் பலன் இல்லை. முதலில் சுத்தம், பிறகுதான் நிரப்புதல்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வி நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்ற ஸஹாபி, அறியாமைக் காலத்தில் நடந்த குலாப் போரில் மூக்கை இழந்தவர். வெள்ளியில் மூக்குச் செய்து வைத்துக்கொண்டார். அதில் துர்நாற்றம் வந்தது. நபி (ஸல்) அவர்கள் தங்கத்தில் செய்துகொள்ளும்படி சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது. ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பது தெரிந்த சட்டம். வேறு பொருள் பயன்படாதபோது மருத்துவத் தேவைக்கு அது அனுமதிக்கப்பட்டது.

ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில், தொழுகையின் நிபந்தனைகளைச் சொல்லும் இடத்தில் நம் கேள்வியையே எடுத்துப் பேசுகிறார்கள். உடைந்த எலும்பைச் சேர்க்கச் சுத்தமான பொருள் கிடைக்காமல் நஜீஸான பொருளை வைத்தவருக்குக் குற்றமில்லை, அவர் மன்னிக்கப்பட்டவர் என்பது அவர்கள் சொல்லும் சட்டத்தின் சாரம். சுத்தமானது கிடைத்தும் நஜீஸை வைத்திருந்தால், வெளிப்படையான தீங்கு ஏற்படும் என்ற பயம் இல்லாதவரை அதை எடுத்துவிட வேண்டும். இன்று வரை மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் பாடம் இது.

இதே கேள்வி மற்ற சமுதாயங்களிலும் எழுந்திருக்கிறது. 1668இல் வெளிவந்த ஒரு நூலில் வான் மேகெரென் என்ற டச்சு மருத்துவர் ஒரு செய்தி சொல்கிறார். மண்டை உடைந்த ரஷ்ய வீரர் ஒருவருக்கு நாயின் மண்டையோட்டுத் துண்டை வைத்து மருத்துவர் குணப்படுத்தினார். அவர் சார்ந்த திருச்சபை அவரை விலக்கி வைத்தது. மீண்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அதை எடுத்துவிடச் சொன்னார். பார்த்தால், அது அவருடைய எலும்போடு கூடிவிட்டது, எடுக்க முடியவில்லை. அந்த மனிதரின் நிலையையும், தீங்கு வருமென்றால் எடுக்க வேண்டாம் என்று நம் இமாம்கள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்ததையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இன்றைய நிலையில் சொந்த எலும்பை எடுத்து வைப்பதில் சிக்கல் இல்லை. ஒருவரின் உடம்பில் ஓரிடத்திலிருந்து எடுத்து அவருக்கே வேறிடத்தில் வைப்பதை, தீங்கைவிட நன்மை அதிகம் என்றால் செய்யலாம் என்று 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாதமி தீர்மானித்திருக்கிறது. செயற்கைத் தாதுவிலும் கேள்வி இல்லை. விலங்கின் எலும்பில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. செத்த பிராணியின் எலும்பு, பன்றியைத் தவிர, சுத்தமானது என்பது ஹனஃபி மத்ஹப். முறைப்படி அறுக்கப்படாததன் எலும்பு நஜீஸ் என்பது ஷாஃபி மத்ஹப். சூளையில் எரித்துத் தாதுவாக மாற்றிய பிறகு அதன் சட்டமும் மாறுமா என்பதில் உலமாக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மனித எலும்பைப் பொறுத்தவரை, மனித உடலின் கண்ணியம் காரணமாக அவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு பேசுகிறார்கள்.

தீர்ப்புச் சொல்வது செயலாளரின் வேலை அல்ல, அது மேடையில் இருக்கும் ஹஜ்ரத்மார்களின் வேலை. நாங்கள் சொல்வது இதுதான்: மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். சுத்தமானது கிடைக்காதபோதுதான் அந்தச் சலுகை. இன்று அது பெரும்பாலும் கிடைக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். அதேபோல், ஏற்கெனவே வைத்துக்கொண்டவர் வீட்டில் போய், “உள்ளே என்ன வைத்தார்களோ” என்று வஸ்வாஸ் கிளப்பாதீர்கள். காலைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவரைத் தொழுகையிலிருந்து விரட்டும் பாவத்தை யாரும் சுமக்க வேண்டாம்.

இடைவெளி பெரிதாக இருந்தால்

நான்கு, ஐந்து சென்டிமீட்டர் என்று பெரிய இடைவெளி விழுந்தால் பொடியையோ குருணையையோ மட்டும் வைத்து நிரப்ப முடியாது. இரண்டு முறைகள் பெரிதும் கையாளப்படுகின்றன.

பிரான்ஸ் நாட்டு மருத்துவர் மஸ்கெலே உருவாக்கிய முறையில், முதலில் இடைவெளியில் சிமென்ட்டை வைப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் அதைச் சுற்றி உடம்பு ஒரு சவ்வை உண்டாக்கும். பிறகு சிமென்ட்டை எடுத்துவிட்டு, அந்தச் சவ்வுப் பைக்குள் சொந்த எலும்பை நிரப்புவார்கள். ஆக, இரண்டு ஆபரேஷன். “ஒன்றில் முடிய வேண்டியதை இரண்டாக்கிப் பணம் பிடுங்குகிறார்கள்” என்று எங்களிடம் வந்து கோபப்பட்டவர்கள் உண்டு. இந்த முறையே அப்படித்தான் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கோபத்துக்கு இடமிருக்காது.

மற்றொன்று, சோவியத் நாட்டில் குர்கன் நகரத்து மருத்துவர் இலிசரோவ் 1950களில் உருவாக்கிய வளைய முறை. காலைச் சுற்றி இரும்பு வளையங்கள் மாட்டி, நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம், அதையும் நான்கு தடவையாகப் பிரித்து நகர்த்துவார்கள். நகர்ந்த இடத்தில் புது எலும்பு ஊறி வரும். 6 சென்டிமீட்டர் இடைவெளியை மூட நகர்த்துவதற்கு மட்டும் இரண்டு மாதம். ஊறிய எலும்பு முற்ற அதைவிட அதிக காலம். அதுவரை வளையத்தோடுதான் இருக்க வேண்டும்.

புற்றுநோய்க் கட்டிக்காக எலும்பை மூட்டோடு எடுக்க வேண்டி வந்தால், அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்துவார்கள். சென்னையில் இந்தத் துறையில் பெயர் பெற்றவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். 2007இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். ஒரு காலத்தில் காலையே எடுத்துவிட வேண்டியிருந்த பிள்ளைகள் பலர் இம்முறையால் காலோடு வீடு திரும்புகிறார்கள்.

இந்த மாதக் கணக்கைக் கவனியுங்கள். கூலி வேலை செய்பவர் எட்டு மாதம், பத்து மாதம் படுத்துவிட்டால், ஆபரேஷன் செலவைவிட அடுப்பெரியும் செலவு பெரிதாகிவிடும். வீட்டில் அரிசி இல்லையென்றால் அவர் கால் ஊன்றக் கூடாத நாளில் ஊன்றி வேலைக்குப் போவார். பிளேட் உடையும், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பமாகும். அதனால் எலும்பு முறிவு மனுக்களில் மருத்துவமனைக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கை முடிப்பதில்லை. நடக்கும் வரை மாதாமாதம் மளிகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சேர்த்தே உதவி என்று தீர்மானித்திருக்கிறோம்.

பணத்துக்கு முதலில் எங்கே போவது?

விபத்து நடந்ததும் 108ஐ அழையுங்கள். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் கட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். கிருமிநாசினி ஊசி முதல் சில மணி நேரத்துக்குள் விழ வேண்டும். சாலை விபத்துக்கு ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18ஆம் தேதி நம் பக்கத்து மேல்மருவத்தூரில்தான் அதைத் தொடங்கி வைத்தார்கள். பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இது தெரியாமல் அன்று இரவே நகையை அடகு வைத்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அதன் பிறகு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாமல் இப்போதே பதிந்துகொள்ளுங்கள். சான்றுகள் வாங்க அறக்கட்டளை அலுவலகத்தில் தம்பிமார்கள் உதவுவார்கள்.

இவை போதாத இடத்தில்தான் ஜகாத்தும் ஸதகாவும் வர வேண்டும். ஜகாத் பணம் ஏழையின் உடைமையாக வேண்டும் என்பதால், நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அவர்கள் சார்பாகவே மருத்துவமனைக்குக் கட்டுகிறோம். பில்லும் பெட்டியின் ஸ்டிக்கரும் இல்லாமல் பணம் தருவதில்லை. இதில் யாரும் மனம் வருந்த வேண்டாம். அது ஏழையின் ஹக்கு.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை இவை. என்ன பொருள் வைக்கப்போகிறீர்கள்? அது மனிதரிடமிருந்தா, விலங்கிடமிருந்தா, செயற்கையா? விலங்கு என்றால் எது? சொந்த எலும்பு போதுமா? காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருமா? இதே வேலையைச் செய்யும் விலை குறைந்த பொருள் உண்டா? எத்தனை ஆபரேஷன், எத்தனை மாதம்? பெட்டியின் ஸ்டிக்கரை நோயாளியின் ஃபைலில் ஒட்டித் தருவீர்களா? மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். நோயாளியிடம் சர்க்கரையைக் கட்டுப்படுத்தவும் பீடி, சிகரெட்டை விடவும் சொல்லுங்கள். இரண்டும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் நமக்குத் தூரமில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை, ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளியைக் கவனிக்கப் பெண்கள், மருந்துகளின் பெயர், அவர்களுக்கான நெல்லும் காசும் என்று எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் நம்மவர்கள் வக்ஃபு வைத்து மாரிஸ்தான்களை நடத்தியதும் இதே போன்ற அறம்தான். நோயாளிக்குச் செலவிடுவதை ஊர் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் வழக்கம் இந்த மண்ணுக்கும் உண்டு, நம் மார்க்கத்துக்கும் உண்டு.

உங்கள் ஜகாத்தைக் கணக்கிடும்போது, படுக்கையில் மாதக்கணக்காகக் கிடக்கும் ஒரு குடும்பத் தலைவரை நினைத்துக்கொள்ளுங்கள். பணம் தர முடியாதவர்கள், மருத்துவமனையில் ஒரு நாள் துணைக்கு இருங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள், பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். அதுவும் ஸதகாதான்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைச் சாலை விபத்துகளிலிருந்து பாதுகாப்பானாக. நோயுற்றிருப்போருக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்கள் மீண்டும் தம் கால்களில் நின்று ஸஃப்பில் தொழும் நாளை நமக்குக் காட்டுவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.